சின்ன மேடை, சிவப்பு விளக்கு: ராக் பேண்டுகளைப் படமெடுப்பது

சின்ன அரங்கில் ராக் பேண்டைப் படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே வெளிச்சமே இருக்காதே, எந்த லென்ஸ் வாங்கட்டும்?" என்றுதான். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த எந்த கேமராவுக்கும் இருட்டு ஒரு பெரிய எதிரி இல்லை. ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 6400இல் எடுத்த படத்தை இன்று தயங்காமல் அச்சுக்குக் கொடுக்கலாம். பிலிம் காலத்தில் ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளைச் சுருளை 1600க்குத் தள்ளிக் கழுவி, கிடைத்த மணல்மணலான நெகட்டிவோடு திருப்திப்பட்டார்கள். அந்த இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இடைவெளி இப்போது ஒரு டயலைத் திருப்பும் வேலை. ஆனாலும் வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்கள் தேறாது. பாடகரின் முகம் கண்ணும் மூக்கும் இல்லாத சிவப்புத் திட்டாக இருக்கும், அல்லது மைக் பாதி முகத்தை விழுங்கியிருக்கும். விளக்கின் நிறமும் நிற்கும் இடமும்தான் இங்கே நிஜமான சிக்கல்கள். லென்ஸ் அதற்கப்புறம்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான கேமரா சென்சார்களில் பிக்சல்களின் மேல் வண்ண வடிகட்டிகள் இருக்கின்றன: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். வெயிலிலோ சாதாரண அறை விளக்கிலோ மூன்று வகையும் வேலை செய்யும். சின்ன அரங்குகளின் எல்இடி விளக்கை முழுச் சிவப்புக்குத் திருப்பினால் அதிலிருந்து வருவது சிவப்பு மட்டுமே. பச்சையும் நீலமும் ஏறக்குறைய பூஜ்யம். அப்போது 24 மெகாபிக்சல் கேமராவில் உருப்படியாகப் பதிவாவது 6 மெகாபிக்சல்தான். மீதி இடங்களில் நாய்ஸ், அதாவது மணல்மணலான புள்ளிகள், மட்டும் இருக்கும், அதை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். பழைய ஹாலஜன் பார் 64 விளக்குகளில் (64 என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாக வைத்த கணக்கு, அதாவது 8 அங்குல விட்டம்) இவ்வளவு மோசம் இல்லை. அந்த விளக்கின் ஒளி 3200 கெல்வின் அளவில் எல்லா நிறமும் கலந்தது. முன்னால் வண்ணத் தாளைப் பொருத்தினாலும் மற்ற நிறங்கள் கொஞ்சம் கசியும், அந்தக் கசிவில் முகம் பிழைத்துக்கொள்ளும். எல்இடியில் கசிவே கிடையாது.

இதற்கு மேல் மீட்டரும் ஏமாற்றும். கேமராவின் ஒளி மீட்டர் பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. வெறும் சிவப்பு ஒளியைப் பார்த்து "இருட்டாக இருக்கிறது" என்று முடிவுகட்டி எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை) ஏற்றிவிடும். சிவப்பு சேனல் (படத்தின் சிவப்புப் பங்கு) நிரம்பி வழியும், திரையில் தெரியும் ஒற்றை ஹிஸ்டோகிராமோ (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். அதுவும் பச்சைக்கு எடை கொடுத்துப் போட்ட கணக்குதானே. நீலத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்தக் கணக்கில் நீலத்துக்குத்தான் எடை மிகக் குறைவு. ஆகவே ஹிஸ்டோகிராமை மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றி வையுங்கள். அந்த வரைபடம் கேமரா தனக்குள் உருவாக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருவது, ஆகையால் படப் பாணியை நியூட்ரலில் வைத்தால்தான் அது ரா ஃபைலுக்கு (சென்சார் பதிவுசெய்த மூலத் தரவுக்கு) பக்கத்தில் நிற்கும். விவிட் பாணியில் வைத்திருந்தால் வழியாத நிறமும் வழிந்ததாகத் தெரியும். ரா ஃபைலில் எடுப்பது இங்கே பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

அரங்கில் நின்றுகொண்டு செய்யக்கூடியது இதுதான். முழுச் சிவப்பு, முழு நீலம் வந்தால் மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள். கருவிழியும் மூக்கின் நிழலும் தெரிகிறதா என்று ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரியவில்லையென்றால் அந்த விளக்கு இருக்கும்வரை முகத்தை விட்டுவிட்டு பக்கவாட்டு நிழலுரு, கிட்டார் கழுத்தின் மேல் விரல்கள், கூட்டத்தின் கைகள் என்று தேடுங்கள். அல்லது சும்மா காத்திருங்கள். விளக்குகள் பெரும்பாலும் பாட்டின் பகுதிகளோடு சேர்ந்து மாறுகின்றன. பல்லவிக்கு ஒரு நிறம், இடையிசைக்கு ஒரு நிறம் என்று ஒரு சுற்று கவனித்தால், அடுத்த சுற்றில் எப்போது ஆம்பரோ (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) வெள்ளையோ வரும் என்பது பிடிபட்டுவிடும். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் விழும் நேரம் நல்ல நேரம். இரண்டு சேனலும் வேலை செய்வதால் முகத்துக்கு வடிவம் கிடைக்கும். மஜந்தா பார்க்க வெளிச்சமாக இருக்கும், ஆனால் பச்சை இல்லாத நிறம் அது. தோல் எப்படியும் தோல் நிறத்துக்கு வராது.

இதையெல்லாம்விடப் பலன் தரும் ஒரு வேலைக்குக் காசே செலவில்லை. நிகழ்ச்சி தொடங்கும் முன் லைட் ஆப்பரேட்டரிடம் போய்ப் பேசுங்கள். "முதல் இரண்டு பாட்டில் முன்பக்கம் கொஞ்சம் வெள்ளை, இல்லாவிட்டால் ஆம்பர் கொடுக்க முடியுமா?" என்று கேட்டால் பல பேர் சந்தோஷமாகச் செய்வார்கள். விளக்குகளில் வெள்ளைக்கோ ஆம்பருக்கோ தனிச் சில்லு இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து செய்யும் வெள்ளையில் தோல் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். இருந்தாலும் ஒற்றை நிறத்துக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

எல்இடியின் அடுத்த தொல்லை பட்டைகள். இந்த விளக்குகளில் பல, வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் உண்மையில் மங்குவதில்லை. நொடிக்குப் பல நூறு தடவை, சில விளக்குகளில் பல ஆயிரம் தடவை, அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சாரில் இந்தப் படிப்புக்கு 1/20 முதல் 1/60 நொடி ஆகலாம். அதற்குள் விளக்கு பல முறை அணைந்து எரிந்துவிடும், படத்தின் குறுக்கே கோடுகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகள் சென்சாரை ஏறக்குறைய 1/250 நொடியில் கடந்துவிடுவதால் பட்டை மிகக் குறைவு. ராக் நிகழ்ச்சியில் ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழப்போவதில்லை, ஆகையால் சைலன்ட் முறையை அணைத்துவிடுங்கள். பிறகும் பட்டை வந்தால் ஷட்டரை 1/125க்கு இறக்கிப் பாருங்கள். திறந்திருக்கும் நேரத்துக்குள் பல துடிப்புகள் அடங்கிவிடுவதால் வெளிச்சம் சமமாகும். கேமரா மெனுவில் உள்ள சாதாரண ஃப்ளிக்கர் குறைப்பு, மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸால் வரும் 100, 120 துடிப்புகளுக்கானது. வேகமாகத் துடிக்கும் எல்இடிக்கு அது உதவாது. சில புதிய கேமராக்களில் ஷட்டர் வேகத்தை மிக நுணுக்கமாக, விளக்கின் துடிப்புக்குப் பொருந்தும்படி மாற்றும் வசதி தனியாக இருக்கிறது. இருந்தால் சவுண்ட் செக்கின்போதே சரிசெய்து வையுங்கள். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III போல எல்லா வரியையும் ஒரே கணத்தில் படிக்கும் சென்சாரில் பட்டை விழாது. ஆனால் விளக்கு அணைந்த கணத்தில் கிளிக் ஆனால் முழுப் படமுமே இருண்டு வரும்.

எக்ஸ்போஷரை மேனுவலில் வைப்பதே நிம்மதி. பின்னால் ஒரு விளக்கு லென்ஸை நேராகப் பார்த்தால் ஆட்டோ பயந்துபோய் முகத்தை இருட்டாக்கும். மேடை பின்னால் கறுப்புத் திரையாக இருந்தால் முகத்தை வெளுக்க வைக்கும். நிறம் மாறினாலும் முகத்தில் விழும் ஒளியின் அளவு ஒரு பாட்டுக்குள் அவ்வளவாக மாறுவதில்லை, அதிகம் மாறுவது பின்னணிதான். எஃப் 2 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் ஒளி கூடும்), ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். முன்பக்க விளக்கே இல்லாத அரங்கில் எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 6400 முதல் 12800 வரை போக வேண்டியிருக்கும். ஷட்டர் வேகத்தைப் பாட்டைப் பார்த்து முடிவுசெய்யலாம். நின்று பாடும் மெதுவான பாட்டுக்கு 1/125 போதும், வழக்கமான ராக் பாட்டுக்கு 1/200 அல்லது 1/250, தலைமுடியைச் சுழற்றுகிறவருக்கும் குதிப்பவருக்கும் 1/500. கேமராவுக்குள் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், கிட்டாரிஸ்டின் ஆட்டத்தை அல்ல. சந்தேகம் வந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். நாய்ஸை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்த முகத்துக்கு வைத்தியம் கிடையாது, வழிந்துபோன சிவப்புக்கும் கிடையாது.

இப்போது லென்ஸ். சின்ன மேடையின் ஓரத்தில் நின்றால் பாடகர் 2 மீட்டர் தூரத்தில் இருப்பார். முழு அளவு சென்சாரில், கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் 35 மிமீ லென்ஸ் 2 மீட்டர் உயரத்தைக் காட்டும், அதாவது ஆள் முழுசாக வருவார். 50 மிமீ ஏறக்குறைய 1.4 மீட்டர், தொடையிலிருந்து தலைவரை. 85 மிமீ என்றால் 85 சென்டிமீட்டர், இடுப்புக்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் ஒரு இரவு முழுவதையும் சமாளிக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 மிமீ எஃப் 1.8. பல கம்பெனிகளில் மலிவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. சென்சார் சற்றே சிறிதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு அதே வேலையை 35 மிமீ செய்யும். 24-70 எஃப் 2.8 ஜூம் வசதிதான், ஆனால் எஃப் 1.8க்கும் 2.8க்கும் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். ஐஎஸ்ஓ 2500இல் முடிகிற வேலைக்கு 6400 தேவைப்படும். 70-200 பெரிய மேடைகளுக்கான லென்ஸ், இங்கே அது முன்னால் நிற்பவரின் காதைத்தான் இடிக்கும். லென்ஸ் முன்னால் யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நேராக அடிக்கும் எல்இடி அதில் பட்டுத் திரும்பி, படத்தில் பச்சைப் பொட்டுகளாக வந்து உட்காரும். ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் நிழல் வளையம்) மட்டும் எப்போதும் இருக்கட்டும், முழங்கை இடிகளை அதுதான் வாங்கிக்கொள்ளும்.

ஃபோகஸ் தவறுவதற்கு இருட்டைவிட மைக் பெரிய காரணம். பாட்டுக்கான மைக்கின் தலை கம்பி வலையால் ஆனது, வெளிச்சம் பட்டால் பளபளக்கும். ஆட்டோ ஃபோகஸுக்கு அதைவிட இனிப்பான இலக்கு மேடையிலேயே கிடையாது. 85 மிமீ லென்ஸை எஃப் 1.8இல் திறந்து 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 6 சென்டிமீட்டர்தான், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. நேர் எதிரே நின்றால் மைக்கின் முனைக்கும் கண்ணுக்கும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. மைக் கூர்மையாக இருக்கும், கண் கரைந்து போயிருக்கும். 50 மிமீயில் அதே எஃப் எண்ணுக்கு 17 சென்டிமீட்டர் ஆழம் கிடைப்பதால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் கண்ணும் மைக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும். அப்போது ஃபோகஸ் மைக்கைப் பிடித்தாலும் நஷ்டமில்லை.

தொடர் ஃபோகஸில் வைத்து, கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பலாம், அதுவும் முகத்தில் ஓரளவு ஒளி இருக்கும்வரைதான். புகை அடர்ந்தாலோ நீல விளக்கு வந்தாலோ அது தடுமாறும். அந்தக் கணமே ஒற்றைப் புள்ளிக்கு மாறும்படி ஒரு பட்டனை ஒதுக்கி வையுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணின் மேல் வைக்க முடியாவிட்டால் முடியும் நெற்றியும் சேரும் கோட்டில் வையுங்கள். அங்கே எப்போதும் ஒரு விளிம்பு கிடைக்கும். கேமராவின் ஆரஞ்சு நிற ஃபோகஸ் உதவி விளக்கை வீட்டிலேயே அணைத்துவிட்டு வர வேண்டும். பாடுகிறவரின் கண்ணில் அது நேராகக் குத்தும். அவருக்கு நீங்கள் யார் என்று தெரிந்துபோகும், நல்ல விதத்தில் அல்ல.

எங்கே நிற்பது என்பதற்கு இசைக்கருவிகளே பதில் சொல்லும். வலக்கைக்காரர் கிட்டாரைப் பிடித்தால் அதன் கழுத்து, பார்க்கிற நமக்கு வலப்பக்கம் நீளும். அவர் ஃப்ரெட்டை (கழுத்தில் விரல் வைக்கும் கட்டங்களை) பார்க்கும்போது முகமும் அந்தப் பக்கமே திரும்பும். ஆகவே வலப்பக்கம் நின்றால் முகம் கிடைக்கும், கிட்டாரின் கழுத்தோ லென்ஸை நோக்கி நீண்டு குறுகித் தெரியும். இடப்பக்கம் நின்றால் கிட்டாரின் உடலும் தந்தியை அடிக்கும் கையும் நன்றாக விழும், முகம் பாதியாகும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு வலப்பக்கம் 30 முதல் 45 டிகிரி தள்ளி நிற்பது என் விருப்பம். மைக் உதட்டை விட்டு விலகித் தெரியும், கழுத்துப் பக்கம் திரும்பும் பார்வையும் கிடைக்கும். விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கன்னத்தைப் பார்த்து ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான பக்கம் நின்றால் மைக்கின் நிழல் வாய்மேல் கறுப்பு மீசையாக விழும். மேடை முழங்கால் உயரம் என்றால் முன்வரிசை பரவாயில்லை. இடுப்பளவு உயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று வரிசை பின்னால் போய் 85 மிமீ மாட்டுங்கள். இல்லாவிட்டால் மூக்குத் துவாரங்களும் தரையில் இருக்கும் மானிட்டர் பெட்டிகளும்தான் ஆல்பம் முழுக்க இருக்கும்.

டிரம்மரை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் இருட்டில் உட்கார்ந்திருப்பார், முன்னால் பாடகர் மறைப்பார், சிம்பல் எனும் உலோகத் தட்டுகள் முகத்தை மறைக்கும். ஆனாலும் பேண்டிலேயே அதிகம் அசைகிறவர் அவர்தான். நடுவிலிருந்து விலகி ஒரு ஓரத்துக்குப் போவது முதல் வேலை. வலக்கைக்கார டிரம்மரின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) நமக்கு வலப்பக்கம் வரும். அது தாழ்வாக இருக்கும், கிராஷ் தட்டு அதற்கு மேலே இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறந்திருக்கும், முகம் அதில் தெரியும். இடப்பக்கம் ஃப்ளோர் டாமும் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) ரைடும் (பெரிய தட்டு) கூடி நிற்பதால் அங்கே இடைவெளி குறைவு. 85 மிமீ அல்லது 135 மிமீ, பாடகருக்கு வைத்ததைவிட ஒரு ஸ்டாப்பாவது அதிக எக்ஸ்போஷர். குச்சியின் முனையை 1/500இலும் உறைய வைக்க முடியாது; முயலவும் வேண்டாம். 1/125இல் முகம் தெளிவாகவும் குச்சி விசிறியாகவும் விழுந்தால் அதுவே டிரம்ஸின் படம். குச்சி தெளிவாகவே வேண்டுமென்றால் அது உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தைப் பிடியுங்கள், அங்கே ஒரு நொடித்துளி அது நிற்கும். நான்கு அடி ராக் தாளத்தில் ஸ்நேர் (கால்களுக்கு நடுவே இருக்கும் டிரம்) பெரும்பாலும் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் விழும், ஆக கை அதற்கு அரை அடி முன்னால் உயரும். எண்ணிக்கொண்டே அழுத்தலாம். குதிக்கிறவருக்கும் இதே கணக்குதான்: உச்சியில் வேகம் பூஜ்யம்.

தாளத்தை எண்ணுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினாடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா இருந்தால் எண்ணத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வினாடிக்கு 20 படம் என்பது வீட்டில் நான்காயிரம் படங்களைப் பார்த்து உட்காரும் தண்டனை. பேண்டின் பாட்டுகளை முந்தின நாள் கேட்டு, எங்கே நிறுத்தம், எங்கே எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், எங்கே கிட்டார் தனியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் மூன்று நான்கு படங்களாக அளந்து எடுக்கலாம். கோரஸில் பேஸ் வாசிப்பவரும் கிட்டாரிஸ்டும் தங்கள் மைக்குக்கு வருவார்கள். ஒரே ஃபிரேமில் மூன்று பேர் பாடும் படம் அங்கேதான் கிடைக்கும். பாடகரின் நல்ல முகம் பாடும்போதைவிடப் பாடி முடிக்கும்போதுதான் அதிகம் கிடைக்கிறது. வரி முடிந்ததும் மைக்கிலிருந்து அரை அடி பின்வாங்குவார், உணர்ச்சி முகத்தில் இன்னும் இருக்கும், மறைப்பு இருக்காது. அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் கணமும் அப்படியே. பாடும்போதே எடுப்பதானால் நீட்டிய 'ஆ', 'ஓ' நல்லது. மெய்யெழுத்துகளில் வாய் கோணும், அந்தப் படத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். பாட்டு வரிசை எழுதிய தாள் மேடைத் தரையில் ஒட்டியிருக்கும். தொடங்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகையைப் பற்றிச் சுருக்கமாக. மெல்லிய மூட்டமாகப் பரவும் ஹேஸ் நண்பன், விளக்கின் கற்றைகள் அதில்தான் தெரியும். இயந்திரம் பக்கென்று கக்கும் அடர்புகை சில நொடிகளுக்கு எல்லாவற்றையும் சாம்பலாக்கும். அப்போது கேமராவைக் கீழே இறக்குங்கள். பின்விளக்கோடு சேர்ந்து அது கலையத் தொடங்கும் நேரத்தில், நிழலுருவுக்கென்று இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொண்டு தயாராக இருங்கள்.

ஃபிளாஷ் பல அரங்குகளில் கூடவே கூடாது. பெரிய நிகழ்ச்சிகளில் "முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் இல்லாமல்" என்பது எழுதப்பட்ட நிபந்தனை. சின்ன இடங்களில் பேண்டையும் அரங்கத்தாரையும் கேட்டால் விடுவதுண்டு. விட்டால் அது வேறு உலகம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிரஞ்ச் (கரடுமுரடான ஒரு ராக் பாணி) கால மேடைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்த சார்ல்ஸ் பீட்டர்சன், அகலமான லென்ஸ், ஃபிளாஷ், மெதுவான ஷட்டர் மூன்றையும் சேர்த்தே அந்த வியர்வையையும் களேபரத்தையும் காட்டினார். செய்முறை எளிது: 20 அல்லது 24 மிமீ, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/15, ஃபிளாஷின் சக்தி 1/16 அல்லது 1/32, இரண்டாம் திரை ஒத்திசைவு (ஷட்டர் மூடும் தறுவாயில் ஃபிளாஷ் அடிக்கும் முறை). ஃபிளாஷ் ஆளை உறைய வைக்கும், திறந்திருக்கும் மீதி நேரத்தில் மேடை விளக்குகள் கோடுகளாக இழுபடும். இரண்டாம் திரையில் வைப்பதால் கோடுகள் அசைவுக்குப் பின்னால் வால்போல வரும். முதல் திரையில் வைத்தால் ஆள் பின்னோக்கி ஓடுவதுபோல இருக்கும். ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது, கூரை கறுப்பாகத்தான் இருக்கும். ஒரு பாட்டுக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் அடித்தால் டிரம்மர் எரிச்சலாவார், கூட்டமும்.

கூட்டம் காசு கொடுத்து வந்திருக்கிறது என்பதை மறந்த படக்காரர்களால்தான் அரங்குகளில் கட்டுப்பாடு கூடுகிறது. ஒரே இடத்தில் ஒரு பாட்டுக்கு மேல் நிற்காதீர்கள். குனிந்து நகருங்கள், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்காதீர்கள், பின்திரையின் பிரகாசத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். முதுகுப்பையைப் பூட்டி வைக்க ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். இன்னொரு லென்ஸும் பேட்டரியும் இடுப்புப் பைக்குப் போதும். மேடை ஓரத்தில் லென்ஸ் மூடியைக்கூட வைக்காதீர்கள். கிட்டாரிஸ்டின் பெடல்களுக்கும் வயர்களுக்கும் பக்கத்தில் முழங்கையை ஊன்றி ஒரு இணைப்பு கழன்றால், அந்தப் பேண்ட் உங்களை மறக்கவே மறக்காது. முன்வரிசைக் கூட்டம் முட்டி மோதத் தொடங்கினால் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு ஓரத்துக்கு வாருங்கள்.

காதும் உபகரணம்தான். பாதுகாப்பு அளவாக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபலில் 8 மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம் மட்டும். இசை அரங்குகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரமும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. படமெடுப்பவர் நிற்பதோ ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால், அதுவும் இரவுக்கு மூன்று பேண்ட். பஞ்சுபோன்ற நுரை அடைப்பான்கள் உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் வெட்டும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகிவிடும். இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். தாளத்தை எண்ண வேண்டியவருக்கு அதுவே சரி.

45 நிமிட நிகழ்ச்சிக்கு 300 முதல் 500 படம் என்பது நியாயமான அளவு. 24 மெகாபிக்சல் ரா ஃபைலாக 500 படம் ஏறக்குறைய 15 ஜிபி. தேர்ந்தெடுக்கும்போது மைக் மறைத்தது, பாதி மூடிய கண், ஃபோகஸ் தவறியது என்று முதல் சுற்றிலேயே முக்கால்வாசி போய்விடும். ஃபோகஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குங்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் தி கிளாஷ் பேண்டின் பால் சிமனான் தன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்து உடைத்ததைப் படமெடுத்த பென்னி ஸ்மித், ஃபோகஸ் சரியில்லை என்று அதை ஆல்பம் அட்டைக்குத் தர விரும்பவில்லை. அட்டையில் வந்தது அதே படம்தான். ராக் புகைப்படங்களில் அதைவிடப் பிரபலமானவை குறைவு. வெட்டும்போது கிட்டாரின் தலையையோ டிரம் குச்சியின் நுனியையோ நறுக்காதீர்கள். இசைக்கலைஞர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நிறத்தைத் திருத்துவதில் ஒயிட் பேலன்ஸோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பதிவாகாத பச்சையை எந்தச் ஸ்லைடரும் வரவழைக்காது. சிவப்பின் செறிவைக் குறைத்து, நிறத்தைச் சற்றே ஆரஞ்சுப் பக்கம் தள்ளிப் பாருங்கள். அதிலும் முகம் எழவில்லையென்றால் கறுப்பு வெள்ளைக்குப் போய், எந்த விளக்கோ அந்தச் சேனலிலிருந்து மட்டும் படத்தை எடுங்கள். சிவப்பு விளக்கில் எடுத்ததன் சிவப்புச் சேனல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும், தோல் மென்மையாக வரும். பச்சைச் சேனலைக் கலந்தால் நாய்ஸும் கூடவே வரும். நாய்ஸ் நீக்குவதற்கு லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் போன்ற வசதிகள் ரா ஃபைலில் நேரடியாக வேலை செய்கின்றன. அளவு 50 என்று தானாக வரும், 30க்கு இறக்கினால் தாடி முடியும் சட்டை நெசவும் மிஞ்சும். பின்னணிக் கறுப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மீதி நாய்ஸ் அதிலேயே ஒளிந்துகொள்ளும்.

பேண்டுக்குக் கொடுப்பது 25 அல்லது 30 படம் இருந்தால் போதும், ஒவ்வொரு உறுப்பினருக்கும் குறைந்தது மூன்று, டிரம்மருக்கும் சேர்த்து. நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஃபைல் பெயரில் தேதியும் பேண்டின் பெயரும் உங்கள் பெயரும். மறுநாள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் அவர்கள் பதிவிடுவது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் போகும் படங்களை அடுத்த நிகழ்ச்சியின் போஸ்டருக்குத்தான் கேட்பார்கள். போஸ்டருக்கும் டி-ஷர்ட்டுக்கும் பயன்படுத்தலாமா, பெயர் எங்கே போட வேண்டும், பணம் உண்டா என்பதை அந்தக் கேள்வி வரும் முன்னமே, படங்களோடு அனுப்பும் இரண்டு வரி மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.